மேட்டுக்கு மஞ்சள் நிறம்

"கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். சைக்கிள் குழுவில் சேர வந்த குமாஸ்தா அவருடைய கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். நடை முடிவதற்குள் தீர்ப்பு தயார்.

"உங்களுக்குப் பச்சை. குளக்கரையோட நிறுத்திக்கோங்க. மேடு கீடுன்னு ஆசைப்படாதீங்க."

தொழிலால் அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான். ஆனால் அவரை எல்லோரும் கூப்பிடுவது 'ரூட்டு சார்' என்று. கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்திலேயே ஊர் வரைபடம் தொங்குகிறது. புதியவர்களுக்குப் பச்சைக் கோடு, பழகியவர்களுக்கு மஞ்சள், சூரர்களுக்குச் சிவப்பு. வேலையில் குறை சொல்ல முடியாது. எந்தத் திருப்பத்தில் மணல் சறுக்கும், எந்த வீட்டு நாய் துரத்தும், மூச்சு வாங்கினால் எங்கே உட்காரலாம் எல்லாம் அத்துப்படி. முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட தபால்காரர் மறுபடி சைக்கிள் ஏறியது இவர் போட்ட பச்சைக் கோட்டை நம்பித்தான்.

ரூட்டு சாரின் தரம் சிவப்பு. தரம் பிரித்தவரும் அவரேதான். ஞாயிறு காலை எல்லோரையும் வழியனுப்பிவிட்டு, சிவப்புக் கோடு ஏறும் தண்ணீர்த் தொட்டி மேட்டின் அடிவாரத்தில் விசிலோடு நின்றுகொள்வார். "ஒழுங்கு பாக்க ஒரு ஆள் வேணாமா?" மேட்டின் மேல் அவரைப் பார்த்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிறவர். போன வருடம்தான் சைக்கிள் பழகினார். பச்சை கொடுத்தார் கணவர். "உனக்கு மூச்சு வாங்கும்."

"சரிங்க" என்றார் மனைவி.

ஒரு ஞாயிறு, குழாய் பதிக்கக் குளக்கரைச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தம்மாள் வேறு பக்கமாக மேட்டில் ஏறிவிட்டார். சிவப்புக்காரர்கள் நாக்குத் தள்ள மேலே போய்ச் சேர்ந்தபோது, தொட்டிச் சுவரில் உட்கார்ந்து நிதானமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாராம். செய்தி கடைக்கு வந்ததும் ரூட்டு சார் முகத்தில் ஈயாடவில்லை.

"பின்காத்து தள்ளியிருக்கும்" என்றார் ஒருவழியாக.

அடுத்த ஞாயிறு எதிர்க்காற்று. அப்போதும் ஏறினார்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் ரூட்டு சார் நடவடிக்கை எடுத்தார். மனைவியின் தரத்தை உயர்த்தவில்லை. மேட்டின் தரத்தைக் குறைத்தார். சிவப்புக் கோட்டின் மேல் அழுத்தி மஞ்சள் பூசினார். சிவப்புக்காரர்களில் ஒருவரான பேக்கரிக்காரர் கொதித்துப்போய் வந்தார்.

"உயிரைக் குடுத்து ஏறுறேன் சார்! ஒரே நாள்ல என்னை மஞ்சளாக்கிட்டீங்களே!"

"புதுசா தார் போட்டதுல சரிவு கொறைஞ்சிருக்கு. நான் என்ன பண்ண?"

சேதி வீட்டுக்கும் போயிற்று. ராத்திரி சாப்பிடும்போது மனைவி வெகு சாதாரணமாகக் கேட்டார். "அப்ப இந்த வாரம் நீங்களும் மேல வாங்களேன். மஞ்சள்தானே?"

அவருக்குப் புரையேறியது. மறுக்க வழியில்லை.

ஞாயிறன்று விசிலைப் பேக்கரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஏறினார். முதல் வளைவுவரை முதுகு நிமிர்ந்தே இருந்தது. அதற்கு மேல் சைக்கிள் பாம்பாக நெளிந்தது. பாதி மேட்டில் இறங்கிவிட்டார். முன்னால் போன மனைவி ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க, முடியலையா?"

"சேச்சே... பங்க்சர் போல இருக்கு... நீ போ."

அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லுப்போல் இருந்த டயரை இரண்டு விரலால் அமுக்கினார். மூச்சு அடங்கும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார்.