பின்பக்க ஜன்னலில் ஆகாயக் கப்பல்

பிள்ளைகளே, அது யுத்த காலம். திருத்தணியில் வாடகை வீடு. நான் அரக்கோணத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருவேன். எங்களுக்கு ஒரே பெண், ஏழு வயது. நீங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை.

சாப்பிடும்போது அவளுக்குக் கதை கட்டிச் சொல்வேன். ஆகாயத்தில் போகிற கப்பல் ஒன்று பழுதாகி, ஆளில்லாத கிரகத்தில் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் தந்தி அடிப்பதுபோல் தட்டித் தட்டி உதவி கேட்கிறார்கள். வருங்காலத்தில் இருக்கிற மனிதர்களுக்குத்தான் அந்தச் சத்தம் கேட்கிறது. அவர்கள் காலத்தைத் தாண்டிப் புறப்படுகிறார்கள். கதை அங்கே நிற்கும்போது அவளுக்கு அம்மை வார்த்துவிட்டது.

வெளியூர் போய் வருகிறவன் அம்மை கண்ட வீட்டுக்குள் வரக் கூடாது. உங்கள் அம்மா வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, என் வேட்டியையும் பாயையும் வெளியே வைத்தாள். குளத்தருகே மண்டபத்தில் படுத்தேன். தெருவில் ஒருவரும் என்னிடம் நின்று பேசவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அடுத்த தெருவில் அதே அம்மையில் ஒரு குழந்தை போய்விட்டிருந்தது. அது இவளுக்கும் தெரியும்.

சாயங்காலம் வந்து, சாத்திய பின்பக்க ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். ஒருநாள் உள்ளேயிருந்து லோட்டாவால் கம்பியை விட்டு விட்டுத் தட்டினாள். நான் கல்லால் சுவரில் தட்டினேன்.

"யாரு?"

"வருங்காலத்துலேர்ந்து வந்திருக்கோம். உங்க சத்தம் கேட்டுச்சு."

அவள் லோட்டாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அப்போ நான் இருக்கனா இல்லியான்னு உனக்குத் தெரியுமில்ல நைனா?"

கதையில் இதை நான் யோசித்திருக்கவில்லை. "ஆங், இருக்கற. தெருவுல ஓடிகினு இருந்த. பாத்துட்டுத்தான் வரேன்."

"மூஞ்சி?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. "தழும்பு இருக்குது. மூக்குல கொஞ்சம் ஜாஸ்தி."

அதைக் கேட்ட பிறகுதான் நம்பினாள் என்று நினைக்கிறேன். "சரி, நீ திரும்பிப் போ. அங்கியே இரு. நான் வரேன்" என்றாள்.

மண்டபத்துக்குப் போனேன். அவள் இருக்கச் சொன்ன வருங்காலம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஜன்னலில் சத்தமில்லை. கல்லால் தட்டிப் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் தட்டினேன். ஜன்னலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூட உங்கள் அம்மா அவளைவிட்டு நகரவில்லை.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு அவள் வாசல்வரை வந்தாள். கன்னமெல்லாம் தழும்பு. மூக்கில் ஒன்றுகூட இல்லை.

"ரொம்ப நாழியா நிக்கிறியா நைனா?" என்று கேட்டாள்.

"ஆங்" என்றேன்.