பல்வலி நெஞ்சுக்கு இறங்கிய கதை

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். பதினெட்டு வருஷமாகச் சொந்த ஓட்டுநர் பள்ளி. எல்லாருக்கும் 'பிரேக்கக்கா'. அவளிடம் படித்தும் தேறாத ஒரே ஆள் அவள் கணவர். தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். கை சொன்னபடி கேட்கும், கால் கேட்காது. லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டவர்.

கடைவாய்ப் பல் வலியை அவள் பத்து நாள் மாத்திரையிலேயே தள்ளினாள். பதினோராம் நாள் காலை தாடைக்கடியில் பந்துபோல வீங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்தின் சிவப்பு மார்பு வரை இறங்கியிருந்தது, மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் குத்தியது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். வாசலில் பயிற்சிக் கார் நின்றது.

"நான் ஓட்டுறேன்" என்றார் கணவர்.

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாய்தான் திறக்கவில்லை. பயிற்சியாளர் இருக்கையில் சாய்ந்து, அங்கிருந்த இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டாள். நாலு கிலோமீட்டரும் இரண்டாம் கியரிலேயே போனார் மனுஷர். பயிற்சிப் பலகையைப் பார்த்துப் பேருந்துகளே ஒதுங்கின. அவள் அவர் முழங்காலில் தட்டித் தட்டியே திருப்பங்களைச் சொன்னாள். மருத்துவமனை வாசலில் ஒரு பூந்தொட்டி இடிபட்டு உடைந்தது. திட்ட ஓடிவந்த காவலாளி அவள் கழுத்தைப் பார்த்ததும் ஸ்ட்ரெச்சரைத் தேடி ஓடினார்.

ஸ்கேன் பார்த்துவிட்டு வந்த நெஞ்சு அறுவை மருத்துவர் குள்ளமான பெண். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"பல்லுல ஆரம்பிச்ச சீழ், கழுத்து வழியா நெஞ்சுக்குள்ள, இதயத்துக்குப் பக்கத்துல இறங்கிருச்சு. மருந்து மட்டும் பத்தாது. கழுத்தையும் திறக்கணும், நெஞ்சையும் திறக்கணும். இப்பவே."

"பொழைச்சுருவாளா?"

"நாளைக்கு வந்திருந்தா கையை விரிச்சிருப்பேன். இன்னிக்கு வந்திருக்கீங்க, போராடிப் பாக்கலாம்."

அஞ்சு மணி நேரம். தொண்டை மருத்துவர் கழுத்தைத் திறந்து கழுவி, மூச்சுக்குழாயில் துளைபோட்டுக் குழாய் வைத்தார். நெஞ்சு மருத்துவர் விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்து, அழுகிய சதையை எடுத்து, லிட்டர் லிட்டராக உப்புநீர் விட்டு அலசினார். வினை செய்த பல்லையும் அதே மூச்சில் பிடுங்கிப் போட்டார்கள். மூன்றாம் நாள் மறுபடி ஒரு கழுவல். கணவர் வராந்தா பெஞ்சிலேயே குடியிருந்தார்.

ஒன்பதாம் நாள் மூச்சு மிஷினை எடுத்தார்கள். கழுத்துக் குழாயால் குரல் கிடையாது. சைகை காட்டிப் பேனா கேட்டாள். கணவர் நோட்டைப் பிடித்தார். அவள் கோணல்மாணலாக எழுதினாள்: கார்?

"ஒண்ணுமில்ல. இண்டிகேட்டர் மட்டும் போச்சு."

எந்தப் பக்கம்?

"இடது."

கண்ணாடி பாத்து ஓட்டுன்னு எத்தன தடவ சொன்னேன்!

அதைப் படித்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அழுதுகொண்டே சிரித்தார். அவளும் சிரித்தாள், சத்தமில்லாமல், உடம்பு குலுங்க. கழுத்துக் குழாய் விசில் அடித்தது. நெஞ்சிலிருந்து வந்த குழாயின் பாட்டிலில் தண்ணீர் கொப்பளித்தது. தையலெல்லாம் வலித்தது, நிறுத்தத்தான் முடியவில்லை. உயிரோடிருப்பது அப்படிக் கிச்சுக்கிச்சு மூட்டியது.

பதினாறாம் நாள் குழாயின் வாயை மூடி மருத்துவர் பேசச் சொன்னார். வாத்து கத்துவதுபோல ஒரு குரல் வந்தது.

"பசிக்குது."

மசித்த வாழைப்பழத்தை வழித்துத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள்.

முப்பத்துமூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோரு கிலோ குறைந்திருந்தாள். உடுப்பு தோளில் நிற்காமல் நழுவ, ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தாள். வாடகைக் காரின் கண்ணாடியை இறக்கி, சலவைக் கடை, சாவிக் கடை, மூக்குக் கண்ணாடிக் கடை என்று வழியிலிருந்த பெயர்ப்பலகை ஒன்றுவிடாமல் அந்த வாத்துக் குரலில் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கும்படி மருத்துவர் சொன்னது கணவருக்கு நினைவிருந்தது. ஆனாலும் அவளைத் தடுக்கவில்லை. மூன்றாவது தெருவில் டிரைவரும் சேர்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்.