கூட்டாமல் விட்ட காணி

எங்கள் அண்ணர் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தவர். தந்தையை இளவயதிலேயே இழந்ததால், படிப்போடு தங்கைகள் எங்கள் இருவரின் பொறுப்பும் அவர் தோளில் விழுந்தது. ஓரிடத்தில் இருக்கமாட்டார், காலில் சக்கரம் கட்டியவர் என்று ஊரே சொல்லும். பொறியியலாளராகி, எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னிக்கு வந்தவர், நகரின் மேற்கு ஓரத்தில் பென்ரித்துக்கு அப்பால் ஒரு காணி வாங்கி, பின்னர் என்னையும் அழைத்துக்கொண்டார்.

காணி நிறைய யூக்கலிப்டஸ் மரங்கள் நின்றன. சுற்றிலும் இருந்த காடு வீட்டு மனைகளாகிக்கொண்டிருந்தது. கூட்டாத வளவில் மூதேவி குடியிருப்பாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். விழுந்த கொப்புகளைப் பொறுக்கினோம், சருகைக் கூட்டி எரித்தோம். பொந்து விழுந்த பட்டமரங்களைத் தறிக்கச் சொல்லி நின்றவள் நான்தான். துப்புரவான காணியைப் பார்த்து அண்ணருக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்றாம் கோடையில் மிச்சமிருந்த மரங்களின் இலைகளை வண்டுகள் அரித்துத் தின்றன. துளிர்த்ததையும் விடவில்லை. மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகத் தொடங்கின.

பக்கத்துக் காணிக்காரரான ஆஸ்திரேலியர் வந்து பார்த்தார். வண்டுகளைத் தின்னும் வௌவாலும் குருவியும் அந்தப் பொந்துகளில்தான் இருந்தன, விதை முளைக்கிற இடத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள் என்றார். அண்ணர் அன்று சாப்பிடவில்லை. மறுநாளே மரங்களைச் சுற்றி வேலி போட்டு, கூட்டுவதை நிறுத்தினார்.

"புல்லுக்குள்ள பாம்பு வரப்போகுது. வாற சனம் என்னைத்தானே சோம்பேறி எண்டு சொல்லும்!" என்று அண்ணி கத்தினார்.

"சொல்லட்டும். நீர் விளக்குமாத்தை உள்ளுக்கு வையும்," என்றார் அண்ணர்.

அதன்பின் அவருக்கு நிம்மதியே இல்லை. வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, குனிந்து மரக்கன்று தேடுவார். இந்தக் கிழட்டு மரங்கள் போனால் அவற்றுக்குப் பின் நிற்க ஒன்றுமில்லை என்பதே கவலை. நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே கேள்விதான்.

"தங்கச்சி, ஏதும் முளைச்சிருக்கோ?"

"ஓம் அண்ணை, ரெண்டு இலை விட்டிருக்கு."

"மிதிச்சுப் போடாதேங்கோ," என்று சிரித்தார். இரண்டு நாளில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் மாறிமாறி நின்ற நண்பர்களுக்கும், இன்னும் கோயிலில்லாத இந்த நகரில் தேவாரம் பாடிக் கிரியைகளை நிறைவேற்றித் தந்த அன்பருக்கும், எங்களைப் பட்டினி கிடக்கவிடாமல் சமைத்துக்கொண்டு வந்த அன்ரிமாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. முப்பத்தோராம் நாளான இன்று அந்தியேட்டிக்கு வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். அண்ணரின் கன்றைப் பார்க்கவென்று வேலிக்குள் போகவேண்டாம். அவரிடம் நான் சொன்னது பொய். அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. காலையும் மாலையும் இப்போது நான் குனிந்து தேடுகிறேன்.