நாலாவது கோரிக்கை

போன மாதம், வேலை முடிந்து பரமட்டா ரெயில் நிலையத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவள் சதுக்கத்தில் நின்றுவிட்டேன். வேறொரு நாட்டின் போரை நிறுத்தச் சொல்லிப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் தன் மொழியில் நீளமாகப் பேசினார். எனக்கு அந்த மொழி தெரியாது. அவர் முடித்ததும், பக்கத்தில் மைக் பிடித்து நின்ற பத்து வயதுச் சிறுமி ஆங்கிலத்தில் ஒரேயொரு வரி சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மொழிபெயர்ப்பில் அவள் எதையும் விட்டிருக்கவில்லையோ என்னவோ. நான் விட்டிருக்கிறேன். இதை எழுதியாக வேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றியது. ரெயிலையும் விட்டுவிட்டேன்.

எனக்கும் அப்போது பத்து வயதுதான். வன்னியில் கடைசிப் போர் நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் ஒரே தங்கை, என் சின்னம்மா, மூன்று பிள்ளைகளோடு உள்ளே அகப்பட்டிருந்தார். அவருடைய தொலைபேசி நின்றுபோன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ரேடியோ நிற்கவில்லை.

நாங்கள் அதற்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்துவிட்டிருந்தோம்; அம்மா இங்கே வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்தார். நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டில் ஆளுக்கொரு கடதாசித் துண்டு வைப்பார்கள், யாருக்கு என்ன சாப்பாடு என்று. மிஞ்சிய துண்டொன்றின் பின்பக்கத்தில்தான் அம்மாவும் கூட வேலை செய்த அன்ரியும் தங்கள் கோரிக்கைகளை எழுதினார்கள். முன்பக்கத்தில் உப்பில்லாத சூப்பும் ஜெலியும். பின்பக்கத்தில் நாலு வரி. போரை உடனே நிறுத்த வேண்டும். சாப்பாடும் மருந்தும் உள்ளே போக வேண்டும். காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்ற வேண்டும். நாலாவது, பேச்சுவார்த்தை நடந்தால் அந்த மேசையில் பெண்களும் இருக்க வேண்டும்.

எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில் கால்மணி நேரம் தந்திருந்தார்கள். மொழிபெயர்க்க வழக்கமாகப் போகிறவர் பெரியப்பா. அன்ரி அவரை வேண்டாம் என்றுவிட்டார்.

"போனமுறை நாங்க போரை நிப்பாட்டுங்கோ எண்டு மட்டும்தான் சொன்னனாங்கள். இவர் சங்ககாலத்தில இருந்து துவங்கினவர். கதையில வெள்ளைக்காரன் எங்கட நாட்டுக்கு வரமுதலே நேரம் முடிஞ்சுபோச்சு."

ஆகவே நான். தமிழ்ப் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் இரண்டு கிண்ணம் வாங்கியவள். ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம் என்பது என்னுடைய அபிப்பிராயம். முதல் மூன்று கோரிக்கைகளையும் கண்ணாடிக்கு முன்னால் கைகால் அசைவுகளோடு மனப்பாடம் செய்தேன். நாலாவதைத் தானே தமிழில் விளக்கப்போவதாகவும் நான் அதை ஆங்கிலத்தில் சொன்னால் போதும் என்றும் அம்மா சொல்லியிருந்தார்.

பெரியப்பாவுக்குக் கோபம்தான், ஆனாலும் கார் ஓடியவர் அவரே. வழியில் துண்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"சண்டை நிக்கமுதலே இவைக்குக் கதிரை வேணுமாம்."

"கதிரை தராட்டில் பரவாயில்லை அண்ணை. எட்டு மணித்தியாலம் நிண்டு பழகின ஆக்கள்தானே, நிண்டுகொண்டு கதைப்பம்," என்றார் அன்ரி.

அம்மா துண்டைத் திரும்ப வாங்கி மடித்துவைத்தார். நான் பெரியப்பாவோடு சேர்ந்து சிரித்தேன். அவர் எஞ்சினியர். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் அது சரி.

அலுவலகத்தில் எங்களைச் சந்தித்தவர் எம்.பி. அல்ல, அவருடைய உதவியாளரான ஒரு பெண். நல்லவர். எனக்கு ஒரு பிஸ்கட்டும் தந்தார். முதல் மூன்று கோரிக்கைகளையும் நான் மணிமணியாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு அம்மா பேசத் தொடங்கினார். அதற்கு முன் எந்த அலுவலகத்திலும் அம்மா இரண்டு வசனத்துக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு நிறுத்தவேயில்லை.

"பங்கருக்குள்ள எந்தப் பிள்ளையை முதல் இறக்கிறது எண்டு என்ர தங்கச்சிதான் முடிவெடுக்கிறாள். இருக்கிற தண்ணியை ஆருக்குக் குடுக்கிறது எண்டும் அவள்தான் முடிவெடுக்கிறாள். ஆனா இந்தப் போர் எப்பிடி முடியவேணும் எண்டு அவளை ஒருத்தரும் கேக்கேல்லை. மேசையில இருக்கிறவை எல்லையைப் பற்றிக் கதைப்பினம். காணாமப்போன பிள்ளையளை ஆர் தேடுறது எண்டு ஆர் கேக்கிறது? அதுக்குத்தான் நாங்க அங்க இருக்கவேணும். இரங்கச் சொல்லிக் கேக்கேல்லை. இடம் கேக்கிறம்."

நான் மனப்பாடம் செய்தது எதுவும் இதற்குள் இல்லை. குண்டுக்குத் தப்ப நிலத்தில் வெட்டிய பங்கர்க் குழியை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? உதவியாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். பெரியப்பாவின் சிரிப்பு காதில் கேட்டது. வீட்டு விஷயத்தை எல்லாம் இந்த அம்மா ஏன் இங்கே கொட்டுகிறார் என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அம்மா தன் தங்கச்சியை நினைத்து மிகவும் கவலைப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான். ஒரு வரி.

உதவியாளரின் முகம் இளகிவிட்டது. அம்மாவின் கையைத் தொட்டார். கண் துடைக்கும் ரிசுக் கடதாசிப் பெட்டியை அம்மா பக்கம் தள்ளினார். பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்:

"நான் அழேல்லையே பிள்ளை. ஏன் ரிசு தந்தவ?"

"அவவுக்குக் கவலையாப் போச்சு அம்மா."

"நான் சொன்னது எல்லாம் சொன்னனியோ? கெதியா முடிஞ்சுபோச்சே."

"இங்கிலீஷில சுருக்கமா வரும்."

அம்மா நம்பினார். கொஞ்சம் பெருமையாகவும் இருந்திருக்க வேண்டும். அடுத்த நாள் குசினியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், இங்கிலீஷ் நல்ல பாஷை, நாங்கள் ஒரு மணித்தியாலம் கதைக்கிறதை ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று.

கொஞ்ச நாளில் போர் முடிந்தது. மேசை என்று ஒன்று போடப்படவேயில்லை, யாருக்கும். என் ஒரு வரியால் எதுவும் மாறியிராது என்று இப்போது யாரும் சொல்லலாம், நானே பலதடவை எனக்குச் சொல்லியிருக்கிறேன். சின்னம்மாவைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் இன்றுவரை தகவல் இல்லை. அம்மாவுக்கு அந்தக் கதையில் மிஞ்சியது ஒன்றுதான். போரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் கடைசியில் அதைச் சொல்வார்: "நான் ஒருக்கா போய்ச் சொன்னனான். அவ கேட்டவ." அப்போதெல்லாம் நான் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடுவேன்.

அம்மா வீட்டுக் கவலையைக் கொட்டுகிறார் என்று நினைத்த அந்தப் பத்து வயது எனக்கு, அவர் வாதாடுகிறார் என்பது தெரியவில்லை. உதவியாளருக்கும் தெரியவில்லை, ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும்.

கோரிக்கைகள் எழுதிய அந்தத் துண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவின் கடவுச்சீட்டுகளோடு கிடந்தது. நாலாவது கோரிக்கையை, அன்று அம்மா சொன்னதில் நினைவிருக்கும் ஒவ்வொரு வசனத்தோடும், ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். சதுக்கத்துப் பெண்கள் அடுத்த ஞாயிறும் கூடுகிறார்கள். யாரும் வந்து பேசலாமாம். அங்கே அதைப் பேசவேண்டியவர் அம்மா. அதற்கு முன்னால் சனிக்கிழமை, அவர் வேலை முடிந்து வந்ததும், எதிரே இருந்து அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. முதல் பக்கம் முடிவதற்குள்ளேயே அம்மாவுக்கு விளங்கிவிடும், அன்றைக்கு நான் சொன்னதுபோல இங்கிலீஷில் அது சுருக்கமாக வராது என்று.