சுகிர்தா ரீச்சரின் தயிர்ச் சட்டிகள்

இவ்வளவு நேரம் கடந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகள் கவிஷா உறங்கினால்தான் எனக்கு எழுத முடியும். அவள் இப்போது இலேசில் உறங்குவதில்லை. தரம் ஒன்றில் சுகிர்தா ரீச்சரிடம் பிள்ளைகளை விட்டிருந்த உங்களுக்கும், அவரோடு படிப்பித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ராணியக்கா வேலியடியில் வந்து நின்று, "ரீச்சர் போயிட்டாவாம் கா" என்றார். டெங்கு என்று தெரியும். அதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டும் வந்திருந்தேன். ஆனாலும், எந்த ரீச்சர் என்று கேட்டேன்.

அளவைப் பாடத்தை அவர் கொப்பியில் தொடங்கியதில்லை. வெறும் தயிர்ச் சட்டிகளும் சிரட்டைகளும் அரிசி அளக்கிற சுண்டும் கொண்டுவந்து, தண்ணீர்த் தொட்டியடியில் பிள்ளைகளை இருத்துவார். "முதல்ல சொல்லுங்க, பிறகு அளங்க" என்பார். ஒரு சட்டி நிறைய எத்தனை சுண்டு தண்ணீர் வேண்டும் என்றதற்கு என் மகள் நூறு என்றாளாம். "நூறு ஊத்தினா வாவி நம்மட வகுப்புக்குள்ள வந்திரும் மகள்" என்றாராம். ஐந்தாவது சுண்டிலேயே வழிந்ததாம். அன்று எங்கள் வீட்டில் நனையாத ஏனம் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன், பிள்ளைகளுக்குச் சென்ரிமீற்றர் கோடு போட்ட அடிமட்டத்தைக் கொடுத்தால் முடிகிற விஷயம்தானே என்று கேட்டார். ரீச்சர் வாக்குவாதப்படவில்லை. பிள்ளைகளோடு விறாந்தையைக் காலால் அளந்து காட்டினார். அவருக்குக் குறைவாகவும் பிள்ளைகளுக்குக் கூடவும் வந்தது. "ரீச்சர்ர கால் பொய் சொல்லுது" என்றது ஒரு சின்னன். "பொய் இல்ல, என்ட கால் பெரிசு. எல்லாரும் ஒரே காலால அளந்தாத்தான் சண்டை வராது" என்றார். அதற்குப் பிறகுதான் அடிமட்டம் வெளியே வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் கோடு போட்ட கோப்பை ஒன்று இருந்தது. "குடிக்கிறதையும் அளக்கணுமாம், போறதையும் அளக்கணுமாம். இத நான் இன்னும் படிப்பிக்கல்ல" என்று சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

செத்தவீட்டுக்குப் பிறகு சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு வந்தார். தொட்டியடியில் நின்ற சட்டிகளில் நுளம்புக் குடம்பிகள் சின்னப் புழுக்களாய் நெளிந்தன. அன்றே கேற்றடியில் கதை தொடங்கிவிட்டது: ரீச்சரைக் கொன்றது அந்தச் சட்டிகள்தான் என்று. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினோம்.

அன்றிரவு கவிஷா சாப்பிடவில்லை. கடைசியில், "நான் என்ட சட்டியக் கவிழ்க்கல்ல அம்மா. அதுதான் ரீச்சர் செத்தவ" என்றாள்.

பாடம் முடிந்தால் ஒவ்வொரு பிள்ளையும் தன் சட்டியைக் கவிழ்த்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும் என்பது நுளம்புக்குப் பயந்து ரீச்சர் வைத்த ஒழுங்கு. கடைசிப் பாடம் முடியவில்லை. காய்ச்சல் தாங்காமல் நடுவில் வீட்டுக்குப் போனார். பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள். சட்டிகள் நிமிர்ந்தபடியே நின்று மழைத் தண்ணீரைப் பிடித்தன. குடம்பிகள் அதற்குப் பிறகு வந்தவை. அவரைக் கடித்த நுளம்பு அதற்கு எத்தனையோ நாள் முந்தியது. பரிசோதகரிடமே கேட்டேன், அவரும் அதைத்தான் சொன்னார். மகளுக்கு விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா நான் கவிழ்க்கல்லதானே" என்கிறாள். தண்ணீர் உள்ள கோப்பையைக் கண்டால் ஓடிப்போய் ஊற்றிவிடுகிறாள். நான் குடித்துக்கொண்டிருக்கிற தேத்தண்ணியையும்தான்.

ரீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு சணல் கயிறு. முதலாம் தவணையில் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்துக்கும் வெட்டி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். வருட முடிவில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், வளர்ந்ததைப் பிள்ளையே காணட்டும் என்றார். அதை எறிய மாட்டேன். இப்போதைக்கு அதன் பக்கத்தில் நிற்க அவள் மாட்டேன் என்கிறாள்.

அந்த வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் சட்டியைக் கவிழ்க்காமல் எழும்பியவர்கள்தான். உங்கள் பிள்ளையும் இப்படி ஏதாவது சொன்னதா? சொல்லாவிட்டாலும் ஒருமுறை பக்கத்தில் இருத்திக் கேட்டுப்பாருங்கள். கேட்டுவிட்டு எனக்குச் சீக்கிரம் பதில் போடுங்கள்.