கருணாகரனுக்குக் கிடைக்காத அடி

காஜா பெராங் என்ற ஊரில் ஒரு பலகை வீடுதான் தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஜெபக்கூடம். அங்கே பாட்டெடுத்துக் கொடுப்பவர் தையல்காரர் கருணாகரன். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர். அவர் வாயைத் திறந்தால்தான் ஞாயிறு ஆராதனை தொடங்கும்; அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

அப்பாசாமி கடைசி வரிசை. டவுனில் குப்பை வண்டி தள்ளுகிறவன். ஞானஸ்நானம் பெற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. படிக்கத் தெரியாது. கருணாகரன் பாடுவதைக் கேட்டுப் பாதி வார்த்தைகளைத் தப்பாகவே பாடுவான்.

ஊரை ஜப்பான்காரர்கள் பிடித்து ஆண்டுகொண்டிருந்த 1943இல் ஒரு ஞாயிறு காலை, ஜப்பான் அதிகாரி ஒருவன் சிப்பாய்களோடு வந்தான். டோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துச் சக்கரவர்த்தியை வணங்கிவிட்டுத்தான் ஜெபம் தொடங்க வேண்டும் என்றான். முதலில் குனிந்தவர் கருணாகரன். வெறும் மரியாதைதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவரைப் பார்த்து எல்லோரும் குனிந்தார்கள். அப்பாசாமி மட்டும் நிமிர்ந்து நின்றான்.

“சாமி வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு வேற ஆளைக் கும்பிட எனக்கு வராதுங்க.”

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தான். இடது காது கேட்கவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. வேலையும் போய்விட்டது. ஜெபக்கூடத்தில் அவனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அரிசி கண்ணில் படாத அந்த நாட்களில், பெண்கள் தங்கள் வீட்டு மரவள்ளிக்கிழங்கில் பாதியை அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒருநாள் கருணாகரனின் மனைவியே முட்டை ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

“எனக்கே இல்லாத முட்டை அவனுக்கா?”

“அவரு நமக்கும் சேத்து அடி வாங்கினவருங்க.”

போன மாதம்வரை அவள் வாயிலும் அவன் ‘அவன்’தான். அந்த ‘அவரு’ கருணாகரனுக்கு நெஞ்சில் தைத்தது. அடி வாங்கும் தைரியம் அவருக்கு இல்லை. அடிபட்டவனுக்குக் கிடைத்த மரியாதை மட்டும் வேண்டியிருந்தது.

மறுநாள் ரேஷன் வரிசையில் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: “சும்மாவா விட்டிருப்பான் ஜப்பான்காரன்? நம்மள்ல யாரு பேரைச் சொல்லிட்டு வந்தானோ!”

இரண்டே வாரத்தில் முன்வரிசையில் அப்பாசாமிக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கிழங்கும் நின்றது. அடுத்த இரண்டு ஞாயிறு அப்பாசாமியைக் காணவில்லை. தான் அவிழ்த்துவிட்ட பொய்தான் காரணம் என்று கருணாகரனுக்குத் தெரிந்தது. பக்கத்தில் தெங்கேராவிலிருந்த அவன் குடிசைக்குப் போனார். காய்ச்சலில் சுருண்டு கிடந்தான்.

“உன்னைப் பத்தித் தப்பா பேசினது நான்தான், அப்பாசாமி.”

“தெரியும்ண்ணே.” கேட்கிற காதை இவர் பக்கம் திருப்பினான். “உள்ள கிடந்தப்ப நானும் உங்களத்தான் திட்டினேன். குனிஞ்சாரு, இந்நேரம் பிள்ளைங்களோட கஞ்சி குடிப்பாருன்னு அப்படி ஒரு வயித்தெரிச்சல். அடியைவிட அதுதான் தாங்கல.”

கருணாகரன் அவனை எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அந்த ஞாயிறு எல்லோர் முன்பும் எழுந்து நின்று, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். பாட்டெடுக்கும் வேலையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அப்பாசாமிக்குக் கிழங்கு மறுபடி போனது. ஆனாலும் ஒன்றிரண்டு வீட்டார் கடைசிவரை அப்பாசாமியை நம்பவில்லை. அதைக் கருணாகரனால் சரிசெய்ய முடியவில்லை.

யுத்தம் முடிந்தபின் ஜெபக்கூடத்துக்கு யார் புதிதாக வந்தாலும் அப்பாசாமியின் கதையைச் சொல்வார்கள். கருணாகரன் இருமுவதுபோல வெளியே போய்விடுவார்.

“இன்னுமா உங்களுக்குப் பொறாமை?” என்று மனைவி கேட்டாள்.

“ஆமா,” என்றார். “அதுக்கும் சேத்துத்தான் ஜெபம் பண்றேன்.”