அழித்துவிட்ட எச்சரிக்கை

காங்கேயத்தில் எங்கள் கொப்பரைக் களத்தோரம்தான் கார் நிற்கும். போன மாதம் இன்ஜின் விளக்கு எரிந்தது. செல்போனில் இணைக்கும் ஸ்கேனர், இன்ஜினுக்குப் போதிய பெட்ரோல் வரவில்லை என்று எரர் கோடு காட்டியது. பெரிய மெக்கானிக் போல அதை அழித்துவிட்டேன். மறுநாளும் எரிந்தது, மறுபடியும் அழித்தேன்.

அந்த வாரமே காரில் வெளியூர் கிளம்பினோம். துடியலூர் தாண்டும்போது மனைவி, "ஏனுங்க, பெட்ரோல் வாசம் தூக்குதுங்க" என்றாள்.

"பங்க்கைத் தாண்டறோம், அம்மணி."

"பங்க் கூடவேவா வருது? நிறுத்துங்க!"

நிறுத்தினேன். பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் பானெட்டைத் திறந்ததும் எங்களைப் பின்னால் தள்ளினார். எலி கடித்த குழாயிலிருந்து சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

"வெளக்க அணைச்சுப்போட்டா நோவு போயிருங்களா? ஒரு தீப்பொறி போதுமுங்க" என்றார். குழாயை மாற்றச் சொல்லி, அவர் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது எந்த எரர் கோடு வந்தாலும் அழிக்காமல் அவருக்கு அனுப்புகிறேன். காலையில் பானெட்டைத் திறந்து, முகர்ந்து பார்த்த பிறகே மனைவியை ஏறச் சொல்கிறேன்.